பென்சில் வரிகள்

அன்றைக்கு மேல்மாடி அறையில் இருந்தவர்கள்: முதலாளி. முதலாளியின் மனைவி, கணக்கு, கடிதம் என்று கந்தோர் வேலை முழுக்க அவர்தான். மலேசியாக்காரர், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற டொக்டர். பின்னேர ஷிப்ட்காரன். காலை ஷிப்ட்காரனான நான். மேசையில் ஒரு கம்ப்யூட்டர். அதையும் ஓர் ஆளாகச் சேர்க்கவேண்டும். அன்று கூடுதலான மரியாதை அதற்குத்தான் கிடைத்தது.

கதிரை இருந்தும் டொக்டர் அதில் இருக்காமல் நின்றார். படிப்பிக்கிறவர்களுக்கு நின்றால்தான் கதை வரும். கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். திரையில் இரண்டு கோடுகள். ஒன்று சிவப்பு, மற்றது நீலம். ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன.

"சிவப்பு, நீங்க புத்தகத்துல எழுதி வச்சது. நீலம், கம்ப்யூட்டர் தானா சொன்னது. வித்தியாசம் தெரியுதா?" என்றார்.

முதலாளி திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"தெரியாது. அதான் விசயம்" என்று தானே பதில் சொல்லிச் சிரித்தார்.

முதலாளி தலையை ஆட்டினார். அவர் ஜெர்மனியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். மெசின் எது செய்தாலும் அவருக்குப் பிடிக்கும். மனிதன் செய்தால் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பார்.

"அண்ணை, விளங்குதோ?" என்று என்னைப் பார்த்தார். "இனி எவ்வளவு தூள் போடவேணும் எண்டு இது சொல்லும். நாங்கள் போட்டால் சரி. அப்ப டாங்குக்கு ரெண்டு பேர் தேவையில்லை. ஒராள் காணும்."

அந்த ஒராள் நான் இல்லை என்று எனக்குத் தெரியும். பின்னேர ஷிப்ட்காரன் முதலாளியின் மனைவிக்கு ஒன்றுவிட்ட தம்பி. முதலாளி என்னை எப்போதும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார். அண்ணை என்று கூப்பிட்டுத்தான் வேலையை விட்டும் நிற்பாட்டுவார்.

இரண்டாயிரத்து ஆறு என்று நினைக்கிறேன். இல்லையென்றால் ஐந்து. எனக்கு ஐம்பது முடிந்திருந்தது. ஐம்பது முடிந்தவனுக்கு, ஆங்கிலமும் அரைகுறையாக இருந்தால், லண்டனில் வேலை தேடுவது எப்படியென்று அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை.

பட்டறை கிழக்கு லண்டனில், ரெயில் பாலத்துக்குக் கீழே. நான் இருந்தது அப்டன் பார்க்கில். பஸ்ஸில் இருபது நிமிடம். குளியலறைக் குழாய்கள், கதவுப்பிடிகள், பழைய மோட்டார் சைக்கிள் பாகங்கள், இவற்றுக்கெல்லாம் குரோம் பூசுகிற இடம். பூசினபிறகு கழுவவேண்டும். கழுவின தண்ணீர் மஞ்சளாக வரும். அந்த மஞ்சள் நஞ்சு. அதை அப்படியே கானுக்குள், சாக்கடைக்குள் விட்டால் பட்டறைக்குப் பூட்டுத்தான்.

அந்தத் தண்ணீரைப் பெரிய டாங்கில் பிடித்து நஞ்சு எடுப்பது என்னுடைய வேலை. முதலில் அசிட் விடுவது. பிறகு வெள்ளைத் தூளைத் தகரப் பேணியால் அள்ளிப் போடுவது. அந்தத் தூள் போடும்போது எரிந்த நெருப்புக்குச்சி மணம் மூக்கில் ஏறும். போடப்போட மஞ்சள் மங்கி, ஒரு கட்டத்தில் தண்ணீர் பச்சையாகும். பச்சையானால் நஞ்சு செத்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு சோடா விட்டால் குரோம் சேறாகி அடியில் இருக்கும். மேல் தண்ணீரைக் கானுக்கு விடலாம். சேற்றை லொறி வந்து ஏற்றும்.

ஒரு டாங்குக்குப் பன்னிரண்டு பேணி என்று சுவரில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. யார் எழுதினது, எந்தக் காலத்தில் எழுதினது தெரியாது. பன்னிரண்டில் ஒரு நாளும் பச்சை வந்ததில்லை. பதினாறு, பதினேழு, சில நாள் இருபதும் போகும். நான் பேணியை எண்ணித்தான் போடுவேன். ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து நிறுத்துவதில்லை. தண்ணீரைப் பார்த்து நிறுத்துவேன். பின்னேரக்காரனுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அவன் எத்தனையோ விதத்தில் உதவாதவன். தண்ணீர் விசயத்தில் மட்டும் பிழை விட்டதில்லை. வருடத்தில் இரண்டு தரம், சொல்லாமல் கொள்ளாமல், தண்ணீர்க் கம்பனி ஆள் வந்து கானிலிருந்து ஒரு போத்தல் எடுத்துக்கொண்டு போவான். ஒரு தரமும் எங்கள் தண்ணீரில் பிழை வந்ததில்லை.

தண்ணீர் சரியாகத்தான் இருந்தது. புத்தகம்தான் பொய்.

புத்தகம் என்பது சட்டத்துக்காக வைப்பது. ஒவ்வொரு டாங்குக்கும் ஒரு வரி. எவ்வளவு அசிட், எத்தனை பேணி, முதல் எவ்வளவு குரோம், பிறகு எவ்வளவு குரோம். குரோம் அளக்கிறதுக்குச் சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் எடுத்து, ஒரு சின்னப் பொட்டலத்தை வெட்டிப் போட்டால், நஞ்சு இருந்தால் ஊதா நிறம் வரும். எவ்வளவு ஊதா என்று பெட்டி எண்ணாகச் சொல்லும். முதலில் ஒரு பொட்டலம், பிறகு ஒரு பொட்டலம்.

பொட்டலம் இருந்தால்தானே. முதலாளி ஒரு பெட்டி பொட்டலம் வாங்குவார். அது முடிந்தபிறகு முதலில் மாதக்கணக்கில் மறந்தார், பிறகு வருடக்கணக்கில் மறந்தார். முதல்தரம் முடிந்தபோது மேலே போய்ச் சொன்னேன்.

"இல்லாட்டி என்ன அண்ணை, ஒரு எண்ணைப் போட்டுவிடுங்கோ. புத்தகம் வெறுமையாக் கிடக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து போட்டுவிட்டோம்.

பொட்டலம் இருக்கிற நாளில் டாங்குக்குப் பக்கத்தில் நின்று எழுதுவேன். அங்கே எல்லாம் ஈரம். கையுறையும் ஈரம், கடதாசியும் ஈரம். பேனை எழுதாது. அதனால் டாங்கடியில் ஒரு பென்சில் கயிற்றில் கட்டியிருந்தது. பொட்டலம் இல்லாத நாளில் டாங்கடியில் எழுத ஒன்றும் இல்லை. சாப்பாட்டு அறையில் போய் இருந்து, காய்ந்த மேசையில், பேனையால் எழுதுவோம். பென்சில் என்றால் அளந்தது. பேனை என்றால் அளக்காதது. இதை யாரும் ஒரு சட்டமாகப் போடவில்லை. அப்படி நடந்தது. பேனையால் எழுதும்போது பேணிக் கணக்கும் சுவரில் உள்ளபடி பன்னிரண்டு, பதினொன்று என்றுதான் எழுதுவோம். இருபது என்று எழுதினால் தூள் ஏன் இவ்வளவு போகிறது என்று முதலாளி கேட்பார். அந்தக் கதை எங்களுக்குத் தேவையில்லை.

நான் எழுதுகிற முறை இப்படி: முதல் நாளைப் பார்ப்பேன். ஒன்று கூட்டுவேன், இல்லையென்றால் குறைப்பேன். பின்னேரக்காரன் அதைக்கூடச் செய்யமாட்டான். வெள்ளிக்கிழமை பின்னேரம், தேத்தண்ணி நேரத்தில், கிழமை முழுக்க உள்ளதை ஒரே இருப்பில் எழுதுவான். கிரீன் ஸ்ட்ரீட் கடையில் வாங்கின மரக்கறி ரோல் ஒரு கையில், பேனை மறுகையில். வெள்ளிக்கிழமை அவன் மச்சம் மாமிசம் தொடமாட்டான். பொய் எழுதுவான்.

இன்னொன்று, எட்டு என்ற எண்ணை அவன் எழுதமாட்டான். அது சனியின் எண்ணாம், அவனுக்கு ஆகாதாம். பிரான்ஸில் இருந்தபோது எட்டாம் நம்பர் வீட்டில் இருந்துதான் எல்லாம் பிழையாய்ப் போனதாம். அவன் எழுதின பக்கங்களில் ஏழு இருக்கும், ஒன்பது இருக்கும், எட்டு இருக்காது. நாலு வருடம் ஒரு தொழிற்சாலையின் பின்னேரத் தண்ணீரில் எட்டே வராமல் இருப்பது எப்படி என்று யாராவது கேட்டிருக்கலாம். டொக்டரும் தமிழர்தான். எட்டைப் பற்றி அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் கேட்கவில்லை.

அவர் எப்படி வந்தார் என்று சொல்கிறேன். முதலாளிக்கும் அவருக்கும் விம்பிள்டன் கோயிலில் பழக்கம். அன்னதான வரிசையில் நிற்கும்போது முதலாளி பட்டறையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவர் தன்னுடைய ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். தண்ணீரிலிருந்து குரோம், நிக்கல் போன்றவற்றை எடுக்கிறதை முன்கூட்டியே சொல்கிற புரோகிராமாம். மனித மூளை மாதிரி வேலை செய்யுமாம். பழைய கணக்குகளைக் காட்டினால் தானே படித்துக்கொள்ளுமாம். அவருக்கு உண்மையான தொழிற்சாலைக் கணக்கு தேவைப்பட்டது. முதலாளிக்கு ஓர் ஆளைக் குறைக்கவேண்டியிருந்தது. வரிசையில் சோறு வாங்குவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள்.

முதலாளியின் மனைவி நாலு வருடத்துப் புத்தகங்களையும் மேலே எடுத்துக்கொண்டுபோய் இரண்டு நாள் போட்டோக்கொப்பி அடித்தார். அந்தக் கட்டு டொக்டரிடம் போனது. யாரோ மாணவர்கள் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குள் அடித்தார்களாம். போட்டோக்கொப்பியில் பென்சிலும் கறுப்பு, பேனையும் கறுப்பு. தண்ணீர் பட்டுச் சுருங்கின கடதாசியும் தட்டைதான், காய்ந்த கடதாசியும் தட்டைதான்.

ஆறு மாதத்தில் டொக்டர் டாங்கடிக்கு ஒரு தரம் வந்தார். நல்ல சப்பாத்து. ஈரத்தில் கால் வைக்காமல் படியிலேயே நின்றார். மூக்கில் லேஞ்சியை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதுதான் டாங்க்கா அண்ணே?"

"ஓம்."

"வேலை எப்படிப் போகுது?"

"போகுது."

"நல்லது நல்லது" என்றார். போய்விட்டார்.

இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ தெரியாது. அவர் கேட்கவில்லை. படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதி இருந்தால் நம்புவார்கள். எழுதினவனைப் பார்க்க வரமாட்டார்கள்.

திரும்ப அந்த மேல்மாடி அறைக்கு வருகிறேன்.

"எல்லா வரியும் அப்படியே பொருந்திச்சோ டொக்டர்?" என்று முதலாளியின் மனைவி கேட்டார். அந்த அறையில் வந்த ஒரே நல்ல கேள்வி அது.

"இல்லைங்க. நூத்துச் சொச்சம் வரி ஒழுங்கே இல்லாம இருந்திச்சு. பேணி இருபதுன்னு இருக்கும், பத்தொம்பதுன்னு இருக்கும். மத்ததோட ஒட்டவே இல்லை. எழுதும்போது தவறிருக்கும். அதெல்லாம் எடுத்துட்டேன். டேட்டாவைச் சுத்தம் பண்ணித்தான் கொடுக்கணும் லா. குப்பையைக் கொடுத்தா குப்பையைத்தான் படிக்கும்."

பின்னேரக்காரன் மேசைக்குக் கீழே என் காலை உதைத்தான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பும் நீலமும். ஒரு கோடு எங்கள் பொய். மற்றக் கோடு அதைப் பாடமாக்கினது. இரண்டும் பொருந்தாமல் என்ன செய்யும். பொருந்தாத வரிகள்தான் அளந்து எழுதினவை. அவற்றைத்தான் அவர் குப்பை என்று எடுத்து எறிந்திருந்தார்.

படியில் இறங்கும்போது பின்னேரக்காரன் என் தோளைப் பிடித்தான்.

"அண்ணை, வாய் திறந்திடாதையுங்கோ."

"என்னத்துக்கு?"

"சொன்னால் ரெண்டு பேரையும் வேலையாலை கலைப்பார்."

"சொல்லாட்டி என்னைக் கலைப்பார்."

"அது பாவம்தான்" என்றான். உண்மையிலேயே முகத்தைப் பாவமாக வைத்திருந்தான். "ஆனால் ஒராள் போறதும் ரெண்டு பேர் போறதும் ஒண்டில்லைத்தானே அண்ணை?"

அவனுக்கு அந்தளவு கணக்குத் தெரியும்.

அன்றிரவு வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி கேட்டாள். களைப்பு என்றேன். சொல்வதென்றால் நான் நாலு வருடமாகப் பொய் எழுதினேன் என்றும் சொல்லவேண்டும். அதைச் சொல்லிக் காப்பாற்றுகிற வேலை ஒரு வேலையா என்று யோசித்தேன். அதுதான் என்னிடம் இருந்த வேலை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை. டொக்டர் இந்தமுறை ரப்பர் சப்பாத்து வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். கடைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டரை ஒரு கவிழ்த்த வாளியின் மேல் வைத்தார். முதலாளி பக்கத்தில் நின்றார். பின்னேரக்காரனையும் காலையில் வரச்சொல்லியிருந்தார்கள். இனி அவன்தானே தனியாகச் செய்யவேண்டும்.

டாங் நிறைய மஞ்சள் தண்ணீர். முதலாளி அன்று புதுப் பொட்டலப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தார். டொக்டர் வருகிறார் என்றதும் பொட்டலம் வந்தது. முதல் குரோம் அளந்து சொன்னேன். டொக்டர் அந்த எண்ணை அடித்தார். ஒரு பொத்தானைத் தட்டினார்.

"பதினொன்னு" என்றார். "பதினொரு பேணி."

தண்ணீரைப் பார்த்தேன். பதினெட்டுக்குக் குறையாது. பதினொன்று போடச் சொன்னார்கள், பதினொன்று போட்டேன். ஒவ்வொன்றையும் தட்டையாக வழித்துப் போட்டேன். ஒரு சிட்டிகை கூட இல்லை, குறைய இல்லை.

மஞ்சள் கொஞ்சம் மங்கினது. மங்கினதோடு நின்றது.

"கொஞ்ச நேரம் எடுக்கும்" என்றார் டொக்டர்.

கொஞ்ச நேரம் எடுத்தோம். பிறகும் கொஞ்சம் எடுத்தோம். பாலத்தின் மேல் மூன்று ரெயில் போனது. தண்ணீர் மஞ்சள்.

"லைட் சரியில்லையோ?" என்று டொக்டர் மேலே பார்த்தார்.

"லைட்டுக்கு என்ன" என்றேன்.

முதலாளி பொறுமையில்லாதவர். "கம்ப்யூட்டர் முடிஞ்சுது எண்டுதானே சொல்லுது? சோடாவை விட்டுத் திறந்துவிடுங்கோ அண்ணை, அங்காலை வேலை கிடக்கு."

"நான் திறக்கமாட்டன்."

"ஏன்?"

"மஞ்சளாக் கிடக்கு. திறக்கிறதெண்டால் நீங்கள் திறவுங்கோ. வால்வு அந்தா இருக்கு."

அவர் வால்வைப் பார்த்தார். டொக்டரைப் பார்த்தார். டொக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஒருவரும் வால்வுக்குக் கிட்டப் போகவில்லை. தண்ணீர்க் கம்பனி ஆள் எந்த நேரமும் வரலாம் என்று எல்லோருக்கும் தெரியும். கோடு பொருந்துகிறது என்று அவனுக்குக் காட்டமுடியாது. அவன் போத்தலோடு வருகிறவன்.

குப்பியில் தண்ணீர் எடுத்தேன். பொட்டலத்தை வெட்டிப் போட்டுக் குலுக்கினேன். ஊதா வந்தது. கத்தரிக்காய்த் தோல் மாதிரி ஊதா. அதைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. டொக்டரின் கையில் கொடுத்தேன்.

அவர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். அந்த நிறத்தை அவர் முன்பு பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இவ்வளவு கிட்டப் பார்த்திருக்கமாட்டார்.

"இந்த டாங்க் விதிவிலக்கா இருக்கலாம்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அண்ணே, உங்களை விட்டிருந்தா நீங்க எத்தனை போட்டிருப்பீங்க?"

ஆறு மாதத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது.

"பச்சை வருமட்டும்" என்றேன்.

"அது எத்தனை?"

பேணியை எடுத்தேன். எண்ணிப் போட்டேன். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினாறில் நிறம் ஆட்டம் கண்டது. பத்தொன்பதில் பச்சை. திரும்ப ஒரு குப்பி எடுத்துக் காட்டினேன். ஊதா இல்லை. பொட்டலம் போட்டும் நிறம் மாறவில்லை.

"பத்தொம்பது" என்றார் டொக்டர். "ஆனா புத்தகத்துல பன்னெண்டு, பதினொன்னு, பன்னெண்டுன்னுதானே இருக்கு. பத்தொம்பதுன்னு இருந்ததை எல்லாம் நான்..."

நிறுத்திவிட்டார். அந்த வசனத்தை அவர் முடிக்கவில்லை. அந்த அளவுக்கு அவர் புத்திசாலி.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அண்ணை, என்ன இது? புத்தகத்திலை பொய்யோ எழுதிவைச்சிருக்கிறியள்?"

"ஓம்."

"எவ்வளவு காலமா?"

"பொட்டலம் முடிஞ்ச நாளிலை இருந்து. நீங்கள்தான் சொன்னியள், ஒரு எண்ணைப் போடச் சொல்லி."

"நான் எப்ப சொன்னனான்?"

"மேலை. கதிரையிலை இருந்துகொண்டு."

பின்னேரக்காரன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஏதோ எழுதியிருந்தது போலப் பார்த்தான். முதலாளி அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மனைவிக்கும் பதில் சொல்லவேண்டி வரும்.

மேலே போனோம். அதே அறை, அதே ஆட்கள். முதலாளியின் மனைவி நாலு புத்தகங்களையும் மேசையில் வைத்தார். டொக்டர் இரண்டாவது புத்தகத்தை எடுத்துத் திறந்தார். புத்தகத்தையே அவர் பார்ப்பது அன்றுதான் முதல்தரம். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம். நீலப் பேனை, நீலப் பேனை, ஒரே கை, ஒரே சாய்வு, திங்கள் முதல் வெள்ளி வரை மை ஒரு இடத்திலும் கூடிக் குறையாமல். ஒரு மூலையில் ரோல் எண்ணெய். பிறகு ஒரு பக்கத்தில், சுருங்கின கடதாசியில், பென்சிலால் நாலு வரி. பெருவிரல் அடையாளத்தோடு.

"பென்சில்" என்றார்.

"அளந்தது" என்றேன்.

"பேனா?"

"அளக்காதது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. இந்தப் பக்கத்தைப் பார்க்க எத்தனை படிப்பு வேண்டும். என்னுடைய எட்டாம் வகுப்புக் காணும். அவர் இருக்கிற ரெய்னர்ஸ் லேனிலிருந்து ஒரு நாள் வந்து, புத்தகத்தைக் கையில் எடுத்து, ஒரு தாளைத் திருப்பியிருந்தால் காணும். அவர் ஆறு மாதம் ஒரு பொய்யனுக்கு இன்னொரு பொய்யனைப் பழக்கினார். அதைக் காட்ட நிறம் நிறமாகக் கோடும் கீறினார்.

"எனக்கு இதுல எட்டு ஏன் இல்லைன்னு..." என்று தனக்குள்ளே சொன்னார்.

"எனக்கு எட்டு ஆகாது டொக்டர்" என்றான் பின்னேரக்காரன். நல்ல நோக்கத்தில்தான் சொன்னான்.

முதலாளியின் மனைவி சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார். முதலாளி சிரிக்கவில்லை.

"அப்ப உது முழுக்க வீணோ?" என்று டொக்டரைக் கேட்டார். கம்ப்யூட்டரைக் காட்டித்தான் கேட்டார். என்னைக் காட்டியும் கேட்டிருக்கலாம்.

டொக்டர் யோசித்தார். அவருக்கும் விட மனமில்லை. கோடுகளை எங்கேயோ காட்டிவிட்டார் போல. "முழுசா இல்லை. அளந்த வரிகள் மட்டும் தனியா எடுத்தா, திரும்பப் படிக்க வைக்கலாம். ஆனா குறைஞ்சது இருநூறு வேணும். அதுக்குக் கீழே இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. அப்ப விட்டுட வேண்டியதுதான்."

"இருநூறு இருந்தால் மெசின் வேலை செய்யும்?"

"செய்யும். ஒரு மாசத்துல."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி இவங்க ரெண்டு பேரும்தான் லா."

முதலாளி நாலு புத்தகங்களையும் என் பக்கம் தள்ளினார். "பென்சில் வரியளை எண்ணுங்கோ அண்ணை. எல்லாருக்கும் முன்னாலை எண்ணுங்கோ."

எல்லோருக்கும் முன்னால் எண்ணச் சொன்னது, நான் கூட்டிக் குறைத்துச் சொல்லுவேன் என்று. நாலு வருடம் எந்த எண்ணைச் சொன்னாலும் வாங்கிக்கொண்ட மனிதர். அன்றுதான் முதன்முதலாக ஓர் எண்ணை நம்பமாட்டேன் என்றார்.

கண்ணாடியைப் போட்டேன். இருநூறு இருந்தால் ஒரு மாதத்தில் நான் வீட்டில். இருநூறுக்குக் குறைந்தால் டாங்கடியில். இரண்டுக்கும் இடையில் இருந்தது நான் நாலு வருடத்தில் எத்தனை நாள் என் வேலையைச் செய்தேன் என்பதுதான். குறைவாக இருக்கவேண்டும் என்று விரும்பினேன். நான் செய்த வேலை குறைவாக இருக்கவேண்டும் என்று விரும்பினேன். அப்படி ஒரு விருப்பத்தோடு ஒரு மேசைக்கு முன்னால் இருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். அந்த அறையில் எல்லோரும் எனக்கு அற்பமாகத்தான் தெரிந்தார்கள். முதலாவது புத்தகத்தைத் திறந்தபிறகு அந்த எல்லோரில் நானும் ஒருவன்.

முதல் புத்தகத்தில் பென்சில் அதிகம். அப்போது நான் புதிது, பொட்டலமும் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஈரம், பக்கத்துக்குப் பக்கம் என் விரல். இது ஒன்றே நூறைத் தாண்டிவிடுமோ என்று நினைத்தேன். தாண்டவில்லை. பாதியில் பேனை வந்தது. வந்தது போகவில்லை. இரண்டாவது புத்தகத்தில் விரல் விட்டு எண்ணலாம். மூன்றாவதில் ஒரு கிழமை மட்டும். முதலாளி ஒரு பெட்டி வாங்கின கிழமை. நாலாவதைப் புரட்டப் புரட்ட நீலம். கடைசிப் பக்கத்தில் அன்று காலை டாங்கடியில் நான் எழுதின வரி. பத்தொன்பது பேணி. பென்சில்.

டொக்டர் என்னோடு சேர்ந்து வாய்க்குள் எண்ணிக்கொண்டு வந்தார். முதலாளியின் மனைவி ஒரு துண்டில் கோடு போட்டுக்கொண்டு வந்தார். பின்னேரக்காரன் எண்ணவில்லை. அவனுடையது அதில் ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். முதலாளி சன்னலடியில் நின்று பாலத்தைப் பார்த்தார்.

கடைசிப் புத்தகத்தை மூடினேன். அன்று காலை வரியையும் சேர்த்தேன்.

"எத்தினை?" என்று முதலாளி திரும்பாமல் கேட்டார்.

நூற்றேழு.